கித்தேரியம்மாள் வாசலில் நின்ற சொல்

சங்குமுனையில், துறைமுகத்துக்குப் போகும் கஸ்டம்ஸ் ரோட்டில், கித்தேரியம்மாள் மெஸ்ஸின் வாசலில், ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்குச் சொல்லப்பட்ட ‘போ’ என்ற சொல், சொல்லி முடித்த பிறகும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. மற்றச் சொற்கள் வாயை விட்டு இறங்கியதும் காற்றில் கரைவதுபோல அது கரையவில்லை. நிலைப்படிக்கு மேலே, ஒரு ஆள் நின்றால் காது வரும் உயரத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையைத் தாண்டிக் காலை வைக்கிறவர் காதில் மட்டும், கித்தேரியம்மாளின் குரலில், அன்று எந்த அளவுக்குச் சொன்னாளோ அந்த அளவுக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், ஒரே ஒரு தடவை கேட்கும்.

நான் அந்த மெஸ்ஸுக்கு எதிர்ச்சாரியில் தையல்கடை வைத்திருக்கிறவன். பெயர் இஞ்ஞாசி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பேன், பைக்கு ஜிப் மாற்றுவேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நடந்ததை முழுதாகப் பார்த்த ஆள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பார்த்தேன் என்பதைச் சொல்லவே எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கித்தேரியம்மாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. புருஷன் கடலில் போனவர், திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்த தம்பி சிலுவை ஒருத்தன்தான், அவளோடு ஒரே வீட்டில் இருந்தான். அவள் மெஸ்ஸில் நிலக்கரி ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள், லாரி டிரைவர்கள், கஸ்டம்ஸ் குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே இரண்டு வருஷமாகத் தினமும் சாப்பிட்டு வந்தவன் ஹாடிபந்து. ஒடிசாக்காரன், முப்பத்தொரு வயது, நிலக்கரி ஷெட்டில் வேலை. அவன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘பந்து’ என்று கூப்பிட்டோம், அவனும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, போதும், அக்கா, அவ்வளவுதான். ஒரு கோடையில் கித்தேரியம்மாள் தனக்கென்று வைத்திருந்த பழைய சோற்றைப் பார்த்துவிட்டு, அதைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைக் காட்டி, வடக்கே கையைக் காட்டி, எங்கள் வீட்டிலும் இதுதான் என்று சைகையால் சொன்னான். அதிலிருந்து வெயில் நாட்களில் அவனுக்கென்று ஒரு சட்டியில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அவன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி சாப்பிடுவதைப் பார்க்க அவள் அடுப்பை விட்டு வெளியே வருவாள். நான் எதிரே மெஷினில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வைகாசியில் ஊருக்குள் பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று போனில் செய்தி வந்தது. வடக்கிலிருந்து வந்திருக்கிறார்கள், பிஸ்கட் கொடுத்துத் தூக்கிப் போகிறார்கள் என்று படம் போட்டு வந்தது. யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை, வந்ததை வந்தபடியே அடுத்தவருக்கு அனுப்பினோம், நானும் இருபத்தாறு பேருக்கு அனுப்பினேன். மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் காவல் நின்றார்கள். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை, பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு கழன்று ரோட்டில் கிடக்க, பிள்ளையை ஆச்சிக்காரி இழுத்துக்கொண்டு நடக்க, மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த ஹாடிபந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். கூப்பிட அவனிடம் தமிழ்ச் சொல் இல்லை. பிள்ளையின் தோளைத் தொட்டான்.

யாரோ ஒருவர் கத்தினார். பிறகு எல்லாரும் கத்தினார்கள். அவன் அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தான். கஸ்டம்ஸ் ரோட்டில் அவனுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான், அந்த வாசலுக்கு வந்தான். கித்தேரியம்மாள் சத்தம் கேட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். உள்ளே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் வருகிற கூட்டத்தின் முன்வரிசையில் அவள் தம்பி சிலுவை வந்துகொண்டிருந்தான். ஹாடிபந்து மூச்சு வாங்கிக்கொண்டு “அக்கா” என்றான். அவள் “போ” என்றாள்.

அந்த ஒரு எழுத்துக்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அவன் மூன்றாம் நாள் மாவட்ட ஆஸ்பத்திரியில் இறந்தான். காண்ட்ராக்டர் அவனைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளையின் செருப்பை அதன் ஆச்சிக்காரி மறுநாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனாள். போலீஸ் வந்து வீடு வீடாக விசாரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்திருந்ததாகச் சொன்னார்கள். கஸ்டம்ஸ் குமாஸ்தாக்கள் கை கழுவப் பின்பக்கம் போயிருந்ததாகச் சொன்னார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு நூல் வாங்கப் போயிருந்ததாகச் சொன்னேன். அடையாளம் தெரியாத கும்பல் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சொல் நின்றுவிட்டதை முதலில் கண்டுபிடித்தது பால்காரர். மறுநாள் விடிந்ததும் பாலைக் கொண்டு உள்ளே போகக் காலை வைத்தவர் ‘போ’ என்று கேட்டதும் மரியாதையாகத் திரும்பிவிட்டார். கித்தேரியம்மாள் பால் வரவில்லையே என்று போன் போட்டுக் கேட்டதற்கு, நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்று அவர் வருத்தமாகச் சொன்னார். அன்று மதியம் சாப்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வாசலோடு திரும்பினார்கள். ஆறு நாளில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. நடந்த காரியத்துக்குப் பிறகு ஏதாவது ஒன்று நடக்கும் என்றுதான் எல்லாரும் உள்ளூர எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், இவ்வளவு சின்னதாக நடந்ததே என்று சிலருக்கு நிம்மதிகூட இருந்தது.

வந்ததை எப்படிச் சமாளிப்பது என்றுதான் ஊர் பார்த்தது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார், இரண்டு நாள் அந்தச் சொல் ஈரக் குரலில் கேட்டது, பிறகு காய்ந்துவிட்டது. நிலைக்கு மேல் வேப்பிலை கட்டினார்கள். ஃபேன் வைத்து ஊதிப் பார்த்தார்கள். சிலுவை ஆசாரியைக் கூட்டி வந்து நிலையையே பெயர்த்து ஒரு சாண் தள்ளி வைத்தான், சொல் தள்ளிப் போகவில்லை, பழைய இடத்தில் சுவருக்குள் நின்றுகொண்டு சுவரோரம் நடக்கிறவர்களையும் போகச் சொன்னது, ஆகவே நிலையை மறுபடி கொண்டுவந்து அங்கேயே பொருத்தினார்கள். காலேஜிலிருந்து இருவர் ரெக்கார்டர் கொண்டு வந்தார்கள். அதில் லாரி ஹாரன்தான் பதிந்தது. கடைசியில் வார்டு கவுன்சிலர் தங்கராசு ஒரு யோசனை சொன்னார், சந்துப் பக்கம் சுவரை உடைத்து இன்னொரு கதவு வைத்தால் தீர்ந்தது என்றார். அப்படியே வைத்தார்கள். ஊர்க்காரர்கள் சந்து வழியாக வந்து, சாப்பிட்டு, சந்து வழியாகவே போனார்கள். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்கள். முன்வாசலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சொல் எங்களை விடவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் வெறுமனே போ என்று அனுப்புவதில்லை, போயிட்டு வா என்றுதான் சொல்வோம், கிளம்புகிறவரும் வாறேன் என்றுதான் சொல்லிக் கிளம்புவார். பின்னால் ஒரு ‘வா’ இல்லாமல் அது சாவு வீட்டில்கூடப் புழங்காது. புதுப்பெண் புருஷனிடம் போ என்று சொல்லிச் சிரிப்பாள், தாய் பிள்ளையைப் போடா என்று சொல்லிக் கொஞ்சுவாள், அதெல்லாம் வேறு. இந்த வாசலில் நின்றது வேறு எதோடும் சேராத தனிச் சொல். அதைக் கேட்டுப் பழகிய பிறகு ஊரில் பலருக்கு அந்த எழுத்தே நாக்கில் வராமல் போயிற்று. கண்டக்டர் விசிலை மட்டும் ஊதினார். தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்ல முடியாமல் பையைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். ஆந்திராவிலிருந்து வந்த லாரி டிரைவர்களுக்கும் கேரளத்து டிரைவர்களுக்கும் அது எங்களுக்குக் கேட்டதுபோலவே கேட்டது, அவர்களும் முகம் சுண்டித் திரும்பினார்கள்.

நிலக்கரிக் கப்பலில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் நாலு பேர் ஒருநாள் தெரியாமல் முன்வாசல் வழியாக நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பங்குச் சாமியார் அவர்களிடம் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னார், அவர்கள் ஊரில் பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்குப் பின்னால் மரியாதைக்காகச் சேர்க்கிற சொல்லாம் அது, நம் ‘ங்க’ மாதிரி. அதில் ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம், மரியாதை மட்டும் தனியாகத் தொங்குகிறதே, பேச்சு எங்கே போயிற்று என்று கேட்டாராம். இன்னொரு கப்பலில் வந்த பர்மாக்காரச் சமையல்காரர் ஒருவருக்கு அது அனுப்பி வை என்று கேட்டது. யாரை, எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர் கித்தேரியம்மாளிடம் இங்கிலீஷில் பணிவாகக் கேட்டார். அவளுக்குப் பாஷை புரியவில்லை. சாமியார் எடுத்துச் சொன்னதும் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

காரியம் நடந்ததும் ஊரை விட்டுப் போன வடக்கத்தித் தொழிலாளர்கள் ஆவணிக்குப் பிறகு மெல்லத் திரும்பி வந்தார்கள். துறைமுகத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் புதியவர்கள் அறுபது பேர் ஷெட்டில் இறங்கினார்கள். வந்த மூன்றாம் நாளிலிருந்து அத்தனை பேரும் கித்தேரியம்மாள் மெஸ்ஸில்தான் சாப்பிட வந்தார்கள், அதுவும் முன்வாசல் வழியாக. நிலையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் தலை குனிந்தார்கள், உள்ளே வந்ததும் அவளைப் பார்த்து முகம் மலர்ந்து ‘மாவுசி’ என்றார்கள், அப்படியென்றால் சின்னம்மா. சிலர் உள்ளே வந்துவிட்டு மறுபடி வெளியே போய் மறுபடி வந்தார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரே திரும்பிப் போகிற வாசலில் இவர்கள் மட்டும் இப்படி நுழைகிறார்களே என்று பயந்தாள்.

அவர்களில் தமிழ் நன்றாகப் பேசுகிறவன் ரஞ்சன் என்ற மேஸ்திரி. எட்டு வருஷமாக இந்தப் பக்கம் இருப்பவன். அவன்தான் அவளிடம் சொன்னான்.

“அக்கா, எங்க பாஷையில போன்னா மகன். டவுன்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க, ஊர்ல வயசான அம்மாமாருங்க சொல்லுவாங்க. வங்காளத்துப் பசங்களுக்கும் அதே அர்த்தந்தான். இவங்கல்லாம் வீட்ட விட்டு வந்து மாசக்கணக்காச்சு. இந்த வாசல்ல வந்தா யாரோ மகனேன்னு கூப்பிடுறாங்கன்னு வர்றாங்க.”

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், அப்படியா என்று மட்டும் கேட்டாளாம். அன்றிலிருந்து அவள் யார் முகத்தையும் பார்த்துப் பரிமாறி நான் பார்க்கவில்லை. அறுபது பேரும் மகன் என்று நினைத்துக்கொண்டு நுழைவார்கள், அறுபது பேர் காதிலும் அவள் குரலே விழும், அறுபது இலைக்கும் குனிந்த தலையோடு சோறு போடுவாள். மறுசோறு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்பதற்குள் வைத்துவிடுவாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதத்தில் ரவிக்கையை மூன்று தடவை என்னிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள்.

ஆனால் ஊருக்கு அந்தச் செய்தி மழைபோல வந்தது. போ என்றால் மகன் என்பதை வெற்றிலைக் கடையிலும் ஐஸ் ஃபேக்டரியிலும் கோயில் கமிட்டியிலும் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒரு மாதத்துக்குள் அது இப்படி ஆயிற்று: கித்தேரியம்மாள் அவனை மகனே என்றுதான் கூப்பிட்டாள், அவனுடைய பாஷையிலேயே கூப்பிட்டாள், அவன்தான் அவசரத்தில் சரியாகக் கேட்காமல் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். இன்னும் சிலர் அவள் ‘உள்ள போ’ என்று சொல்ல வந்தாள், முதல் சொல் வாயில் சிக்கிக்கொண்டது என்றார்கள். எதை நம்பினாலும் எங்களுக்குச் சரிதான். வாயடைத்துப்போன தாய்மார்கள் மறுபடி பிள்ளைகளைப் போ என்று சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். தங்கராசு, மகனே என்று அழைத்த வாசல் என்று ஒரு போர்டு எழுதி மாட்டலாம் என்றார், பெயிண்டருக்குச் சொல்லியும் விட்டார். துணி உறை தைத்துத் தரும்படி என்னிடம் கேட்டார், திறப்பு விழாவுக்கு. தைத்துக் கொடுத்தேன்.

சிலுவைதான் இதை எல்லாரையும்விட அதிகம் நம்பினான், அல்லது நம்ப வேண்டியிருந்தது. அக்காளிடம் வந்து சொன்னான், நான் அப்போது அவளுடைய ரவிக்கையைக் கொடுக்கப் போய் அங்கே நின்றிருந்தேன். “எக்கா, நீ ஒண்ணும் பேசாத. ஊரே மகனேன்னு சொல்லுது. நீயும் அதையே சொல்லிரு, எல்லாத்துக்கும் நல்லது.” அவள் அவனுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். அவனும் சந்துக் கதவு வழியாகத்தான் வந்திருந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் முன்வாசலில் காலே வைக்கவில்லை.

சொல்லைப் பற்றிய செய்தி தொழிலாளர்களோடு ரயில் ஏறி ஒடிசாவுக்கும் போயிற்று. கடைசியில் அது, பந்து தினமும் சாப்பிட்ட வீட்டின் வாசல் இன்னும் மகனே மகனே என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுடைய தாயிடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாயின் பெயர் குந்தலா. அறுபத்தைந்து வயதிருக்கும். அடுத்த வருஷம் ஆனி மாதம், ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக, மூன்று ரயில் மாறி அவள் சங்குமுனைக்கு வந்து இறங்கினாள். ரஞ்சன் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வந்தான்.

பகல் பதினொரு மணி. வந்தது யார் என்று தெரிந்ததும் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. போன வருஷம் சேர்ந்த கூட்டத்தில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள், இந்தத் தடவை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். குந்தலா யாரையும் பார்க்கவில்லை. நேராக முன்வாசலுக்கு வந்து நிலையைத் தாண்டினாள். நின்றாள். திரும்பி வெளியே வந்து மறுபடி தாண்டினாள். அப்படி எத்தனை தடவை தாண்டினாள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசியில் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, கதவின் மேல் சாய்ந்து, கூப்பிடுவது யார் என்று ரஞ்சனைக் கேட்டாள்.

தங்கராசு முந்திக்கொண்டு முன்னால் வந்தார். இந்த அம்மாதான், உங்கள் மகனைப் பெற்ற மகன்போலப் பார்த்துக்கொண்டார்கள், கடைசி நேரத்திலும் மகனே என்றுதான் கூப்பிட்டார்கள் என்று சொல்லி, அதை அப்படியே அவளுக்குச் சொல் என்று ரஞ்சனிடம் சொன்னார். ரஞ்சன் சொன்னான். குந்தலா எழுந்து சமையலறை வாசலில் நின்ற கித்தேரியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் அழுகை வந்தது. உண்மையாகவே அழுதோம், நல்ல காரியம் ஒன்று நடந்து முடிந்ததுபோல.

கித்தேரியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“ரஞ்சா, அவங்ககிட்ட சொல்லு. இது எங்க பாஷை. எங்க பாஷையில இதுக்கு மகன்னு அர்த்தம் இல்ல.”

“வேண்டாம் அக்கா” என்று ரஞ்சன் தமிழிலேயே சொன்னான்.

“சொல்லு.”

அவன் சொல்லவில்லை. சிலுவை கூட்டத்தை விலக்கிக்கொண்டு “எக்கா” என்றான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு குந்தலாவைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். குந்தலாவை நிலைப்படியில் ரோட்டைப் பார்த்து நிற்கவைத்தாள், தான் வெளியே போய் அவன் நின்ற இடத்தில் நின்று, மூச்சு வாங்குவதுபோல நெஞ்சைப் பிடித்து, “அக்கா” என்றாள். பிறகு உள்ளே வந்து, தான் நின்ற இடத்தில் நின்று, வலது உள்ளங்கையை விரித்து, முன்னால் இல்லாத ஒரு ஆளின் நெஞ்சில் வைத்து, ரோட்டைப் பார்க்கத் தள்ளினாள். தள்ளும்போது அந்தச் சொல்லைச் சொன்னாள். அன்று சொன்னது போலவே இருந்தது. வாசலில் நின்ற சொல்லும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, முதல் தடவையாக ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

அவள் கையால் தள்ளினாள் என்பது அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

குந்தலாவுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திட்டவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பிறகு ரஞ்சனிடம் ஏதோ கேட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“எங்க போகச் சொன்னீங்கன்னு கேக்குறாங்க.”

கித்தேரியம்மாள் ரோட்டைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஒரு பக்கம் அன்று கூட்டம் வந்த பஸ் ஸ்டாப். மறுபக்கம் மதிய நேரத்தில் சாத்திவிடும் துறைமுகத்தின் கேட். எதிரே என் கடை. அன்று அவன் அவளிடமிருந்து திரும்பியபோது நேராக என் கடையைப் பார்த்துத்தான் வந்தான், நான் ஷட்டரைக் கீழே இழுத்தேன், இழுக்கும்போது அவன் கண்ணைப் பார்த்தேன்.

“போக எடமில்ல” என்றாள் கித்தேரியம்மாள். “எடமில்லன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

ரஞ்சன் அதைச் சொன்னான். குந்தலா தலையை மெதுவாக ஆட்டினாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். கித்தேரியம்மாள் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. சந்துக் கதவைக் காட்டினார்கள், வேண்டாம் என்று முன்வாசல் வழியாகவே நடந்தாள். நிலையைத் தாண்டும்போது அந்தச் சொல் அவளுக்கு இப்போது எந்தப் பாஷையில் கேட்டதோ எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கித்தேரியம்மாள் அடுப்பு மூட்டவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ரஞ்சனும் குந்தலாவும் முன்பே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் பெயர் தெரியும் என்றாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். முதல் பெயராகத் தன் பெயரைச் சொன்னாள். போ என்று சொன்னதற்கெல்லாம் செக்‌ஷன் இல்லை அம்மா, அடித்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார் அவர். எழுதினால்தான் மற்றதைச் சொல்லுவேன் என்றாள். வெகுநேரம் வாதாடிப் பார்த்துவிட்டு அவர் எழுதினார். அதற்குப் பிறகு ஆறு பெயரையும் சொன்னாள். மூன்றாவது பெயர் சிலுவை. அவன் தகப்பனார் பெயரையும் வீட்டு நம்பரையும் இன்ஸ்பெக்டர் கேட்டபோது, தன் தகப்பனார் பெயரையும் தன் வீட்டு நம்பரையும்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

சிலுவையை அன்று மத்தியானமே பிடித்தார்கள். தங்கராசு மாட்ட வைத்திருந்த போர்டைப் பெயிண்டர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஊரில் பாதிப்பேர் கித்தேரியம்மாளிடம் பேசுவதை விட்டார்கள், கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். ஷெட்டுத் தொழிலாளர்களில் சிலர் வேறு மெஸ்ஸுக்குப் போனார்கள், சிலர் வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் மாவுசி என்று யாரும் கூப்பிடவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. சொல் போகவில்லை. இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

நான் அவளோடு அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. கடையைத் திறந்து நாலு சட்டைக்குக் காஜா போட்டேன். மறுநாளும் போகவில்லை. அவள் ஒரு ஆளின் சாட்சி போதாது, வக்கீல்கள் உடைத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் நாள்தான் போனேன். இன்ஸ்பெக்டர், நீங்கள்தானே நூல் வாங்கப் போனவர் என்று கேட்டார். இல்லை சார், கடையில்தான் இருந்தேன், ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. குந்தலா வரவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று ரஞ்சன் சொன்னான். அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். குற்றவாளிக் கூண்டில் சிலுவை என்னைப் பார்க்காமல் நின்றான். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மனுஷர், சத்தம் போடாமல்தான் கேட்டார். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு தூசியில், ஆள் ஆளாக அடையாளம் தெரிகிற அளவுக்கு நான் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்பது அவர் கேள்வி. என் கடைக்கும் அந்த மெஸ் வாசலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

நான் அளவெடுக்கிற தொழில் பார்க்கிறவன். நான்கு எட்டு நடை என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லையோ, அல்லது நான் மாற்றிச் சொல்லட்டும் என்று நினைத்தாரோ, கோர்ட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள் என்றார். ரஞ்சன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

“நாலு எட்டு சார்” என்றேன். “எட்டிக் கையைப் பிடிச்சு உள்ள இழுத்திருக்கலாம்.”